குடி, வறுமை, அரசு உதவி: எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்லடம், காங்கேயம் பக்கத்து மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். ரேஷன் கார்டு, முதியோர் தொகை, உரிமைத் தொகை என்று எந்த மனுவை எழுத உட்கார்ந்தாலும் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் அது மனு போட வந்தவரைப் பற்றியதாக, அவர் காதில் விழும்படியாகவே இருக்கும். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குக் கூசிக்கொண்டு மனுவே போடாமல் திரும்பிப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, இந்த ஆயிரம் ரூவா யாருக்குத்தானுங்க வருது?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைக் கேட்கிறீர்கள். 2023 செப்டம்பர் 15ல் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. 21 வயது நிறைந்த குடும்பத் தலைவியாக இருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கார் வைத்திருப்பவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், அரசு ஊழியர் வீடுகள் இதில் வரமாட்டார்கள்.

பணம் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. வீட்டு ஆண் குடிப்பாரா என்று மனுவில் ஒரு கேள்வியும் கிடையாது. அப்படி இருப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். காரணம் கீழே ரேஷன் கார்டு பற்றிய பதிலில் வரும்.

கையில போன் வெச்சிருக்காங்க, வண்டி வெச்சிருக்காங்க. இவிங்களுக்கு எதுக்குங்க ஓசி அரிசி?

போன் இல்லாமல் இன்று வங்கிக் கணக்கும் நடக்காது, கேஸும் வராது, மில்லில் ஷிப்ட் மாறினால் தகவலும் தெரியாது. வண்டி பெரும்பாலும் தவணையில் வாங்கிய பழைய மொபெட். அது இல்லையென்றால் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது.

அரிசி கார்டு இருந்தால் அரிசிக்குக் காசில்லை என்பது தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து இருக்கிறது. அது யாருடைய பரிதாபத்திலும் வருவது இல்லை. உங்கள் கார்டுக்கும் அதே அரிசிதான்.

காசாக் குடுத்தா எல்லாத்தையும் குடிச்சுப்போடுவாங்க. சாமானாக் குடுத்தாப் பத்தாதுங்களா?

அதிகம் கேட்ட கேள்வி இது. உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014ல் இதையே எடுத்துக்கொண்டு, பல நாடுகளில் ஏழைகளுக்குப் பணமாகக் கொடுத்த திட்டங்களைப் பற்றி 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணம் வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியது என்பதற்கு அநேகமாக எங்குமே சான்று கிடைக்கவில்லை. சில இடங்களில் அந்தச் செலவு குறைந்திருந்தது.

எங்கள் குழுக்களிலும் அதைத்தான் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய் வந்ததும் அது சிலிண்டருக்கும், குழுக் கடன் தவணைக்கும், மாமியாரின் பிரஷர் மாத்திரைக்கும் போய்விடுகிறது. பண்டிகைக் காசு வந்த நாளில் டாஸ்மாக்கில் கூட்டம் இருக்கத்தானே செய்கிறது என்பார்கள். பண்டிகை நாளில் எல்லா வருடமும் கூட்டம்தான். பனியன் கம்பெனிகளில் தீபாவளி போனஸ் போட்ட நாளிலும் கூட்டம்தான். அதற்காக போனஸை நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை.

குடிக்கு முழுதாக அடிமையானவர் இருக்கும் வீட்டில் சாமானாகக் கொடுப்பதும் காவல் ஆகாது. அரிசியும் விலைக்குப் போகும், பித்தளைக் குண்டாவும் போகும். அந்த வீட்டுக்கு வேண்டியது வேறு உதவி. அது பின்னால் வருகிறது.

குடிக்கறது ஏழைங்கதானுங்களே ஜாஸ்தி?

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019ல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது குடிக்கிறார்கள் என்றது. இதில் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவரும் உண்டு, எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளியும் உண்டு. வசதியுள்ளவர் கிளப்பிலோ வீட்டு மாடியிலோ குடிப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. கூலிக்காரர் கடை வாசலிலும் இட்டேரியிலும் (தோட்டத்து வேலிச் சந்து) குடிப்பதால் படுகிறார்.

ஆனால் அடி ஒன்றாக விழுவதில்லை. நூறு நாள் வேலையில் 2024-25க்கான ஒரு நாள் கூலி 319 ரூபாய். அப்போது மலிவான குவாட்டரே ஏறத்தாழ 140 ரூபாய். ஒருவருக்குச் சில்லறைச் செலவாக இருப்பது இன்னொருவருக்குப் பாதி நாள் உழைப்பு.

குடிக்கறதால ஏழையானாங்களா, ஏழையா இருக்கறதால குடிக்கறாங்களா?

இரண்டும் நடக்கிறது, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே நடக்கிறது. விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவரின் காலையும் காதையும் நினைத்துப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்க வேண்டியவருக்குத் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் எங்கே வரும்? "உடம்பு வலிக்குப் போடறேனுங்க" என்று சொல்லாத தறி ஓட்டுநர் குறைவு. வலிக்காகவும் தூக்கத்துக்காகவும் தொடங்கியது சில வருடங்களில் தினமும் வேண்டும் என்று ஆகிவிடுகிறது. குடித்தால் தூக்கம் சீக்கிரம் வந்தாலும் பாதி ராத்திரியில் கலைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் உடம்பு இன்னும் அசதியாக இருக்கும்.

பணமுடை புத்தியையே பாதிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்த சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். 2013ல் அது வெளியானது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய மாதங்களில், யோசித்துச் செய்யும் சோதனைகளில் அதே ஆட்கள் மோசமாகச் செய்தார்கள். காசு வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். மனிதர் அதேதான், மண்டைக்குள் இருந்த பாரம்தான் மாறியது. "இவிங்களுக்குத் திட்டம் போட்டு வாழத் தெரியாது" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சென்னையில் நடந்தது. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் தொழிலாளர்களிடம் மூன்று வாரம் ஆய்வு செய்து 2019ல் வெளியிட்டார்கள். 229 பேருக்குச் சேமிப்புக் கணக்கு மாதிரி ஒன்றைக் கொடுத்து, அவர்களில் சிலருக்கு மட்டும் பகலில் குடிக்காமல் வந்தால் பணம் என்றார்கள். பகல் குடி குறைந்தது, சேமிப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. அதைவிட என் மனதில் நின்றது வேறு. குடிக்காமலிருந்தால்தான் பணம் என்ற ஏற்பாட்டுக்காகக் கொஞ்சம் காசை இழக்கவும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தயாராக இருந்தார்கள். தன்னை யாராவது கட்டுப்படுத்தினால் பரவாயில்லை என்று அவர்களே விரும்பினார்கள். குடிப்பவருக்கு நிறுத்தும் ஆசை கிடையாது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மனசு வெச்சா நிறுத்த முடியாதுங்களா? எம்பட மாமன் ஒரே நாள்ல நிறுத்திப்போட்டாரே?

உங்கள் மாமன் நிறுத்தியது நல்ல காரியம். குடிக்கிற எல்லோரும் அடிமையாவதில்லை. எப்போதாவது குடித்தவர் மனசு வைத்தால் நிறுத்தலாம். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவரின் உடம்பும் மூளையும் மதுவுக்குப் பழகிப்போயிருக்கும். அவருக்கு அது வியாதி, அதற்கு மருத்துவம் இருக்கிறது.

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பேசலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். பேய் பிடித்தது என்று கோடாங்கி பார்க்கக் கூட்டிக்கொண்டு ஓடுவதும், அறையில் போட்டுப் பூட்டுவதும் இந்த நாட்களில்தான் நடக்கிறது. நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஏற்றி, சில நாளில் உடம்பை நிலைக்குக் கொண்டுவருவார்கள். குடிக்கும் தவிப்பைக் குறைக்க அதன் பிறகு மாத்திரைகள் இருக்கின்றன.

மேலே சொன்ன எய்ம்ஸ் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்றவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் திட்டுத்தான்.

கோயில்ல கயிறு கட்டுனா நின்னுருமுங்களா?

சிலருக்கு நிற்கிறது. சாமி முன்னால் கொடுத்த வாக்கு ஊருக்கே தெரியும் என்பதால் அது ஒரு பிடிமானம். நம்பிக்கை இருந்தால் கட்டுங்கள், தவறில்லை. தினமும் குடிக்கிறவர் என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் கயிறு. ஏன் என்பது மேலே இருக்கிறது.

தெரியாம சோத்துல மாத்திரை கலந்து குடுக்கறாங்களாமே, நானும் செய்யட்டுமா?

வேண்டாம். ஒருக்காலும் வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்பிரம் என்ற மருந்து. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவருக்கு உயிர் போகும் அளவுக்குப் போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. இதைச் செய்துவிட்டு அஞ்சி உட்கார்ந்திருக்கிற மனைவிமார் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, வேறு வழி அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மூடி மறைத்து இதை விற்கிறவர்கள் மேல்தான் கோபம்.

நாங்க வரி கட்டறோமுங்க. இவிங்க உக்காந்து திங்கறாங்க. இதுல என்னங்க நாயம்?

சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி. கூலிக்காரரும் அதைக் கட்டித்தான் வாங்குகிறார். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. 2023-24ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024-25 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. அந்தக் குடும்பங்களின் ஆண்களிடமிருந்து பாட்டில் வழியாக எடுத்ததில் ஒரு பங்குதான் அந்தப் பெண்களுக்குத் திரும்பி வருகிறது என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

அப்புறம் நம் பக்கத்துக் கதையையும் மறக்கக் கூடாது. 1970 ஜூன் 19ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கோயம்புத்தூருக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் பின்னால் தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் வந்தது. விசைத்தறிக்கு 2023லிருந்து இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். இவை வேண்டியவைதான், இவற்றை வாங்குகிறவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. அதே மரியாதையை 20 கிலோ அரிசி வாங்குகிற ஆத்தாவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நூறு நாள் வேலைன்னு போயி மரத்தடியில உக்காந்துட்டு வர்றாங்க. தோட்டத்துக்கு ஆளே கிடைக்கறதில்லைங்க.

ஆள் தட்டுப்பாடு உண்மை. மஞ்சள் வெட்டும்போது படும் சிரமத்தை நானும் பார்க்கிறேன். ஆனால் நூறு நாள் வேலைக்கு வருகிறவர்கள் யார் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் வயதான பெண்கள், கணவனை இழந்தவர்கள், தோட்ட வேலைக்கு நீங்களே கூப்பிடாத உடம்புக்காரர்கள். இளம் ஆட்களைக் கம்பெனி வேன்கள் வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிப் போகின்றன. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. தோட்டக் கூலியில் அது இன்னும் வரவில்லை.

குடிகாரன் வீட்டு ரேஷன் கார்டைப் புடுங்கிப்போட்டா தானாத் திருந்துவான்ல?

அரிசி அவர் ஒருவருக்கு வருவதில்லை. அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா எல்லோர் பேரும் அந்தக் கார்டில் இருக்கிறது. கார்டைப் பிடுங்கினால் முதலில் காலியாவது குழந்தையின் தட்டு. அவருக்கு மது வாங்குவதற்கு வேறு வழி கிடைக்கும், குழந்தைக்குச் சோறு கிடைக்க வேறு வழி இல்லை. முதல் பதிலில் சொன்ன காரணம் இதுதான்.

தண்டனையாக உதவியை நிறுத்துவது அடிமைத்தனத்தைத் தீர்ப்பதும் இல்லை. மனைவியைப் பட்டினி போடுவதால் கை நடுக்கம் நிற்காது. மாறாக அந்தப் பெண், அவர் குடிப்பதை வெளியே சொல்லவே பயப்படுவார். வெளியே சொல்லாத வீட்டுக்கு மருத்துவமும் போய்ச் சேராது. ஊர்க் கூட்டங்களில் இப்படி ஒரு யோசனை வந்தால் தயவுசெய்து எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

மதுவிலக்குக் கொண்டாந்தா எல்லாம் தீந்துருமே?

இந்த ஆசை நம் பக்கத்தில் நூறு வருடப் பழசு. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். 1937 அக்டோபர் 1ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தது. இன்றைய நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான். போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939ல் விற்பனை வரி வந்தது. 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974ல் மறுபடி கொண்டுவந்தார்கள், பிறகு மறுபடி திறந்தார்கள். சில்லறைக் கடைகளை 2003லிருந்து டாஸ்மாக்கே நடத்துகிறது.

கடை குறைந்தால் நல்லதுதான். பள்ளிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் கடை இருந்தால் நிறுத்த நினைப்பவருக்குப் பெரிய சோதனை. 2017ல் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்த பெண்கள் அடி வாங்கினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் முழுக்க மூடினால் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடிமையானவர் கடை மூடினாலும் தேடிப் போவார். கடையைக் குறைப்பதும் சிகிச்சையைக் கூட்டுவதும் சேர்ந்து நடக்க வேண்டும்.

கள்ளு இறக்க உட்டா இந்தப் பிரச்சனையே இருக்காதுங்களே?

தென்னை, பனை விவசாயிகளின் நீண்ட காலக் கோரிக்கை அது. அவர்கள் பிழைப்பு சம்பந்தமாக அதில் நியாயம் உண்டு. பிராந்தியைவிடக் கள்ளில் போதை குறைவு என்பதும் சரி. ஆனால் ஏற்கெனவே அடிமையானவருக்குக் கள்ளும் மதுதான், அளவு கூடும்.

என்ற ஏடிஎம் கார்டு எங்கூட்டுக்காரர்கிட்டத்தானுங்க இருக்குது. ஆயிரம் ரூவா வந்ததும் எடுத்துக்கறார். நான் என்னங்க பண்றது?

இது உங்கள் கணக்கு, உங்கள் பணம். வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கச் சொல்லுங்கள், புதுக் கார்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். பாஸ்புக்கோடு நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கோடு சேர்ந்த போன் நம்பர் அவருடையதாக இருந்தால் மாற்றுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் வங்கிக்குப் போகச் செலவு இல்லை.

இதனால் வீட்டில் அடி விழும் என்ற பயம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள், குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பணத்தைவிட உங்கள் உடம்பு முக்கியம்.

சனிக்கிழமை கூலி குடுத்தா திங்கக்கிழமை ஆளே வர்றதில்லை. இவனுக்கு நான் எதுக்குங்க எரக்கப்படோணும்?

தறிப்பட்டறை வைத்திருக்கிற ஒருவர் கேட்டது. உங்கள் கஷ்டம் புரிகிறது, தறி நின்றால் உங்களுக்கும் நட்டம். கூலியைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் போதையில் இல்லாத நேரமாகப் பார்த்து, "பாதியை அம்மிணி கணக்குல போட்டுடட்டுமா?" என்று கேட்கலாம். ரிக்‌ஷா தொழிலாளர்களைப் பற்றி மேலே எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். பலர் சரி என்பார்கள். கூலி நாளைச் சனிக்கிழமையிலிருந்து வார நடுவுக்கு மாற்றிப் பார்க்கலாம். பெரிய முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம். கடனும் ஏறும், அந்தக் கவலைக்கே இன்னும் குடிப்பார்.

சிகிச்சைக்குப் போக ஒரு வாரம் லீவு கொடுத்து, திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்று சொல்லுங்கள். முதலாளி ஒருவரால் செய்ய முடிந்ததில் இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாசம் நல்லா இருந்தான். மறுபடியும் குடிச்சுப்போட்டான். இனியும் எதுக்குங்க ஒதவோணும்?

ஆறு மாதம் குடிக்காமல் இருந்தது வீணாகவில்லை. மறுபடி குடிப்பது இந்த வியாதியில் அடிக்கடி நடக்கும். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் ஊசியை நிறுத்துவதில்லை, மருந்தை மாற்றுகிறோம். இங்கேயும் அப்படித்தான். எதனால் குடித்தார் என்று பார்க்க வேண்டும்: கடன்காரர் வந்தாரா, கல்யாண வீட்டில் பழைய கூட்டாளிகள் கூப்பிட்டார்களா, தூக்கம் வராமல் தவித்தாரா?

உதவி என்றால் கையில் காசு கொடுப்பது என்று இல்லை. கைமாத்து கேட்டால் மறுக்கலாம், அதே நாளில் அவர் பையனுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கலாம். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், சேலம் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மறுவாழ்வுக்கான கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, குடும்பத்தார் பேசினாலும் கேட்பார்கள். போகும்போது ஆதார், முதல்வர் காப்பீட்டு அட்டை, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.